சூசன் லூச்சியோட 41 வருஷ நடிப்ப எங்கேருந்து பாக்க ஆரம்பிக்கலாம்?

ஒரு நடிகையோட கேரியர தெரிஞ்சுக்கணும்னா நாம எல்லாரும் முதல்ல பண்றது அவங்க நடிச்ச படங்களோட லிஸ்ட்ட தேடுறதுதான். அமெரிக்காவுல பகல்ல தினமும் வர்ற சோப் சீரியல் நடிகைங்க விஷயத்துல இது சுத்தமா வேலைக்கு ஆகாது. சூசன் லூச்சி பேர தேடினா "ஆல் மை சில்ட்ரன், 1970 முதல் 2011 வரை"ன்னு ஒத்த வரி வரும், கீழ சில டிவி படங்க வரும், பாக்குறவங்களுக்கு இவ்வளவுதானான்னு தோணும். ஆனா அந்த ஒத்த வரிக்குள்ள 10,000க்கும் மேல எபிசோட் இருக்கு. அத எப்படி பிரிச்சுப் பாக்குறதுன்னுதான் எழுதப் போறேன்.

முதல்ல இந்த சீரியல் எப்படி ஓடுச்சுன்னு மனசுல வாங்கிக்கோங்க, இது தெரியாம எந்தக் காட்சிய பாத்தாலும் எடை போட முடியாது. ஆக்னஸ் நிக்சன் உருவாக்குனது, ஏபிசி சேனல், பைன் வேலின்னு ஒரு கற்பனை ஊர். 1970 ஜனவரி 5 ஆரம்பம், மதிய நேரம், வாரத்துக்கு 5 நாள், மொதல்ல அரை மணி நேரம், 1977லேருந்து ஒரு மணி நேரம். நம்ம மெகா சீரியல் மாதிரியே தினமும் வரும், ஆனா முடிவுன்னு ஒன்ன மனசுல வெச்சு எழுதுறது இல்ல, 41 வருஷம் போய்ட்டே இருந்துச்சு. ஒரு நாளைக்கு ஒரு எபிசோட் முடிக்கணும்னா ரிகர்சலுக்கு டைம் ரொம்ப கம்மி, ராத்திரி உக்காந்து பக்கம் பக்கமா வசனத்த மனப்பாடம் பண்ணிட்டு காலைல வந்து நிக்கணும், பெரிய தப்பு நடக்கலன்னா அதே டேக்தான் ஒளிபரப்பாகும். இந்த வேகத்துலதான் லூச்சி எரிக்கா கேன்ங்கிற பாத்திரத்துல நடிச்சாங்க. ஆரம்பிக்கும்போது 23 வயசு, நடிச்சது ஸ்கூல் படிக்கிற பொண்ணா. முடியும்போது 64 வயசு. ஒரே பாத்திரத்துக்குள்ள ஒரு நடிகை பொண்ணா, பொண்டாட்டியா, அம்மாவா, பாட்டியா மாறுறத அப்படியே பாக்கலாம், சினிமாவுல இதுக்கு வழியே கிடையாது. அதனால நீங்க தேட வேண்டியது "பெஸ்ட் சீன்" தொகுப்ப இல்ல, வருஷ வித்தியாசத்த.

முதல் எபிசோட்லேருந்து பாக்கலாம்னு நினைக்காதீங்க, ஆரம்ப வருஷ டேப்புங்க நிறைய அழிஞ்சு போச்சு. ரசிகர்கள் வீட்ல விஎச்எஸ் வீடியோ கேசட்ல பதிஞ்சு வெச்சத யூட்யூப்ல போட்டிருக்காங்க, அதுதான் நமக்கு கிடைக்கிற பெரிய புதையல். தேடும்போது நடிகை பேரும் வருஷமும் போட்டு தேடாம, எரிக்கா கூட இன்னொரு பாத்திரத்தோட பேரையும் சேத்து தேடுங்க, அப்பதான் ஒரு உறவோட கதை கோர்வையா கிடைக்கும்.

நான் சொல்ற முதல் ஜோடி எரிக்காவும் அவ அம்மா மோனாவும். மோனாவா நடிச்சவங்க பிரான்சஸ் ஹெஃப்லின், 1970லேருந்து 1994ல இறக்குற வரைக்கும் அவங்கதான். ஊர்ல எல்லார்கிட்டயும் ராணி மாதிரி நடந்துக்கிற எரிக்கா அம்மா முன்னாடி மட்டும் அப்பா விட்டுட்டுப் போன சின்னப் பொண்ணா ஆயிடுவா, குரலே மாறும், கேட்டுப் பாருங்க. ஹெஃப்லின் இறந்தப்புறம் கதையிலயும் மோனா இறந்துட்டாங்க. 24 வருஷம் கூட நடிச்சவங்கள இழந்துட்டு அதே இழப்ப கேமரா முன்னாடி நடிக்கணும், அந்தக் காட்சிகள என்னால இப்பவும் சாதாரணமா பாக்க முடியல.

அடுத்து 1993 கதை, இத அவசரப்படாம பாருங்க. எரிக்காவுக்கு 14வது பிறந்தநாள் அன்னைக்கு நடந்த பாலியல் வன்முறை, அதுல பொறந்து தத்து குடுத்த பொண்ணு கெண்டல் வளந்து தேடி வர்றா. கெண்டலா வந்தது சாரா மிஷெல் கெல்லர், அப்போ அவங்களே டீன் ஏஜ்தான். பழைய பயத்துல எரிக்கா தன் புருஷன் டிமிட்ரியவே குத்திடுவா, கோர்ட் கேஸ் வரைக்கும் போகும். இங்க ஒரு வேலை பண்ணுங்க: விளம்பர இடைவேளைக்கு முன்னாடி வர்ற கடைசி ஷாட்ட மட்டும் கவனிங்க. சோப்ல வசனம் முடிஞ்சதும் கட் பண்ண மாட்டாங்க, கேமரா முகத்துலயே நிக்கும், நடிகை சில விநாடி எதுவும் பேசாம தாங்கிப் பிடிக்கணும். நிறைய பேரு அங்க கண்ண உருட்டி வெறிச்சுப் பாத்து முடிச்சுடுவாங்க. லூச்சி அந்த நேரத்துல எரிக்கா அடுத்து என்ன முடிவு எடுக்கப் போறான்னு யோசிக்கிறத காமிப்பாங்க, சத்தத்த நிறுத்திட்டு பாத்தா இன்னும் நல்லா தெரியும்.

1973 கருக்கலைப்பு கதையையும் தெரிஞ்சுக்கோங்க. கருக்கலைப்ப அனுமதிச்சு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த அதே வருஷம், மாடலிங்க விட மனசில்லாம எரிக்கா கருவ கலைக்கிறா, பகல் சீரியல்ல அது பெரிய துணிச்சல். ஆனா 2000கள்ல வேற எழுத்தாளர்கள் வந்து அந்தக் கரு வேற பொண்ணு வயித்துல வளந்து ஜோஷ்னு ஒரு மகனா இருக்கான்னு மாத்திட்டாங்க. என்னைக் கேட்டா அது பெரிய அநியாயம். சோப் நடிகை பொழப்புல இது ஒரு பகுதி, 30 வருஷத்துக்கு முன்னாடி உண்மையா நடிச்சத இன்னொருத்தர் அழிச்சு எழுதலாம், அதையும் நம்புற மாதிரி நடிச்சுக் குடுக்கணும். அதனால கதை மோசமான வருஷங்கள்ல நடிப்பையும் மோசம்னு தள்ளிடாதீங்க. பக்கத்துலயே 2000 கடைசில மகள் பியாங்கா தான் லெஸ்பியன்னு சொல்ற காட்சிய பாருங்க, ஏத்துக்க முடியாம திணறுற அம்மாவ நல்லவளா காமிக்க லூச்சி கொஞ்சமும் முயற்சி பண்ணல, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

அமெரிக்க டிவிக்கான எம்மி விருத கடைசிக்கு வெச்சுக்கோங்க. உலகத்துக்கு அவங்களப் பத்தி தெரிஞ்சதே அதுதான்: 1978லேருந்து 18 தடவை பரிந்துரையாகி தோத்து, 1999ல 19வது தடவை ஜெயிச்சாங்க. மகளா நடிச்ச கெல்லரே 1995ல இளம் நடிகைக்கான விருத வாங்கிட்டாங்க, லூச்சிக்கு அப்பவும் வரல. அந்த 18ஐ மட்டும் பாத்தா ஏதோ சதி மாதிரி தோணும், யார்கிட்ட தோத்தாங்கன்னும் பாருங்க. வேற சீரியல் நடிகைங்கள்ல எரிக்கா ஸ்லெசாக் மொத்தம் 6 தடவை ஜெயிச்சவங்க, கிம் ஸிம்மர் 4 தடவை, ரெண்டு பேரும் அசாத்தியமான நடிகைங்க. 1990ல சாட்டர்டே நைட் லைவ்ங்கிற காமெடி நிகழ்ச்சிய லூச்சி தொகுத்தப்போ செட்ல வேலை பாக்குறவங்க எல்லாம் கையில எம்மியோட திரிவாங்க, இவங்க சிரிச்சுக்கிட்டே நிப்பாங்க. அதப் பாத்துட்டு 1999 வீடியோவ பாருங்க. விருத அறிவிக்க வந்த நடிகர் ஷெமார் மூர் இவங்க பேர சொன்னதும் அரங்கமே எழுந்து நின்னு கைதட்டு நிக்கவே மாட்டேங்குது, போட்டி சீரியல்காரங்களும் அழறாங்க.

வெளி வேலைகள வேகமா முடிச்சிடலாம். 1986ல மாஃபியா பிரின்சஸ் டிவி படம், 1999 கடைசில நியூயார்க் பிராட்வே மேடைல ஆனி கெட் யுவர் கன் இசை நாடகம், 2008ல டான்சிங் வித் த ஸ்டார்ஸ் நடனப் போட்டி, 2013லேருந்து 2016 வரைக்கும் டீவியஸ் மெய்ட்ஸ் சீரியல். இதுல நேரம் இருந்தா டீவியஸ் மெய்ட்ஸ் மட்டும் பாருங்க, காமெடி டைமிங் அருமையா இருக்கும்.

2011 செப்டம்பர் 23 வந்த ஏபிசி கடைசி எபிசோட பாக்குறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லிடுறேன், அது ஒரு பார்ட்டில துப்பாக்கி சத்தத்தோட இருட்டாகி நிக்கும், யாருக்கு என்ன ஆச்சுன்னு சொல்ல மாட்டாங்க. 2013ல இணையத்துல கொஞ்ச காலம் மறுபடி வந்துச்சு, அதுல லூச்சி நடிக்கல, எரிக்காவுக்காக மட்டும் பாக்குறவங்க அத தேட வேண்டாம்.