திருகோணமலையில் இருந்தபடியே ஒன்லைன் பட்டம்: காசு கட்டுமுன் போடவேண்டிய கணக்கு

உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் அரச பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி காணாது. பெறுபேறு வந்த கையோடு விளம்பரங்களும் வந்துவிடும்: வீட்டிலிருந்தே பட்டம், மாதம் இவ்வளவு மட்டும். அந்த "மட்டும்" எதையெல்லாம் உள்ளடக்கவில்லை என்பதை முற்பணம் கொடுக்குமுன் கண்டுபிடிக்க வேண்டும்.

பட்டம் செல்லுமா?

உள்ளூர்த் தனியார் நிறுவனம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தேடுங்கள். நிறுவனத்தின் பெயரோடு நின்றுவிடாமல் கற்கைநெறியின் பெயரையும் பாருங்கள். ஒரே நிறுவனத்தில் ஒரு பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கும், பக்கத்துப் பட்டத்துக்கு இராது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் அதன் பெயர் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ இருக்க வேண்டும்.

பிறகு, இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அது எத்தனையாம் மட்டம் என்று எழுத்தில் கேளுங்கள். டிப்ளோமா 3, உயர் டிப்ளோமா 4, பொதுப் பட்டம் 5, சிறப்புப் பட்டம் 6. "பட்டத்துக்குச் சமம்" என்று விற்கப்படும் ஒரு வருடப் படிப்பு பெரும்பாலும் 3இல்தான் நிற்கும்.

முழுக் கட்டணம்

பதிவு, கற்பித்தல், பரீட்சை, மீள்பரீட்சை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாகச் செலுத்துவது, பட்டமளிப்பு, சான்றிதழ்ப் பிரதி: இத்தனைக்கும் தனித்தனித் தொகை கேளுங்கள். பலரின் கணக்கைப் பிழையாக்குவது மீள்பரீட்சைக் கட்டணம். ஒரு பாடம் தவறினால் பாடக் கட்டணத்தையே மறுபடி வாங்கும் இடங்களும் உண்டு.

பவுணிலோ டொலரிலோ கட்டணம் என்றால் இன்னும் கவனம். 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டபோது 200 ரூபாயளவில் இருந்த டொலர் இரண்டொரு மாதத்தில் 350ஐத் தாண்டியது. பாதிப் படிப்பில் இருந்தவர்களுக்கு மீதிக் கட்டணம் முக்கால் மடங்கு கூடியது. கட்டணத்தை ரூபாயில் நிலையாக எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். கழிவு தருகிறார்கள் என்று முழுத்தொகையையும் ஒரேயடியாகக் கட்டுவது, பணம் மீளளிக்கும் விதி கையில் இல்லாதவரை புத்தியல்ல.

நேரமும் காசுதான்

ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரப் படிப்பு. ஆண்டுக்கு 30 கிரெடிட் என்றால் 1500 மணி, ஆண்டு முழுதும் பரப்பினால் வாரத்துக்குச் சுமார் 29 மணி. பகலில் கடையிலோ அலுவலகத்திலோ நிற்பவருக்கு இது நடக்காது. பாதியாக எடுத்தால் வாரம் 14 மணியளவில் வரும், காலம் இரட்டிக்கும். வேலையோடு முழுச்சுமை எடுப்பவர் பாடங்களைத் தவறவிடுவதும், மீள்பரீட்சைக் கட்டணம் ஏறுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

டேட்டா

வாரம் 6 மணி வகுப்பு, ஆண்டுக்கு 30 வாரம்: மொத்தம் 180 மணி. எல்லோரின் கமராவும் தெரியும் உயர்தரக் காணொளியில் சூம் மணிக்கு ஒரு ஜீபியையும் தாண்டும். கணினியில் உள்வரும் காணொளியை நிறுத்திவிட்டுக் குரலையும் திரையையும் மட்டும் எடுத்தால் மணிக்கு 100 எம்பிக்குள் அடங்கும். அதாவது 180 ஜீபிக்குப் பதில் 18. கற்றலுக்கென்று விற்கும் மலிவுப் பொதிகள் குறிப்பிட்ட செயலிகளுக்கு மட்டுமே செல்லும். விரிவுரையாளர் யூடியூப் இணைப்பு அனுப்பினால் சாதாரண டேட்டாவில்தான் கழியும். பகல், இரவு என்று பிரித்த பொதி வைத்திருப்பவர்கள் பதிவுகளை நள்ளிரவுக்குப் பின் இறக்கிவைக்கலாம்.

பரீட்சை நேரடியாக நடக்குமா, எங்கே என்பதையும் கேளுங்கள். கொழும்பு என்றால் சுமார் 260 கிலோமீற்றர். இரவுத் தபால் ரயில் செலவோடு தங்குமிடமும் சேரும். மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கத்தவர்கள் நகருக்கு வரும் செலவையும் போடவேண்டும்.

முதலில் தட்டவேண்டிய கதவுகள்

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. இசட் புள்ளி கிடைத்தால் அங்கே கற்பித்தல் கட்டணமே இல்லை. கிடைக்காதவருக்கு, திருகோணமலை உயர் தொழில்நுட்ப நிறுவனத்தின் முழுநேர உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் மட்டக்களப்பில் உண்டு. உயர்தரம் சித்தியடையாதவரும் அதன் அடிப்படைக் கற்கை வழியாகப் பட்டத்துக்குப் போகலாம். ஆனால் ஒப்படைகளையும் இடைப் பரீட்சைகளையும் விட்டால் இறுதிப் பரீட்சைக்கு அமரும் தகுதியே போய்விடும். கணினித் துறைக்கு, கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம் (பிஐடி): ஒரு ஆண்டோடு நிறுத்தினாலும் டிப்ளோமா, இரண்டோடு உயர் டிப்ளோமா. இடையில் காசு முட்டுப்படும் குடும்பங்களுக்கு இந்த ஏற்பாடு பெரிய ஆறுதல்.

கணினித் துறை உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச ஒன்லைன் நிரலாக்கக் கற்கையை முதலில் முடித்துப் பாருங்கள். அதையே முடிக்க முடியவில்லையென்றால் இலட்சங்களைக் கட்டவேண்டாம்.

அரசின் வட்டியில்லா மாணவர் கடன் 2017 முதல் இருக்கிறது. வட்டியை அரசு ஏற்கும், கடன் தொகையை நீங்கள் திருப்பிக் கட்டவேண்டும். அது பட்டியலில் உள்ள அரசுசாரா நிறுவனங்களின் பட்டங்களுக்கு மட்டுமே. விளம்பரத்தில் கண்ட ஏதோ ஒரு ஒன்லைன் பட்டத்துக்கு எடுக்க முடியாது.

பரீட்சை நாள்

ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய யூபிஎஸ் வாங்கினால் மின்தடையில் இணைப்பு அறாது. வாங்குமுன் ரவுட்டரின் அடாப்டரில் 9 வோல்ற்றா 12 வோல்ற்றா என்று பாருங்கள், மாறிப் பொருத்தினால் ரவுட்டர் இயங்காமல் போகலாம், பழுதாகவும் கூடும். கைபேசியில் வேறு நிறுவனத்தின் சிம்மில் டேட்டா போட்டுவையுங்கள். விடைத்தாளைக் கடைசி நிமிடத்துக்கு வைக்காமல் பத்து நிமிடம் முந்தி ஏற்றி, நேரம் தெரியும்படி திரையைப் படம்பிடித்து வையுங்கள்.