கார்ன்ஃப்ளார் துளி தரையில் மோதினால் என்ன ஆகும்? வீட்டிலேயே பார்ப்பது எப்படி

தண்ணீர்த் துளி தரையில் பட்டதும் பரவிவிடும். கெட்டியாகக் கரைத்த கார்ன்ஃப்ளார் துளி வேகமாக மோதினால், பட்ட இடத்திலிருந்து இறுகத் தொடங்கி, கொஞ்சம் நிமிர்ந்து நின்றுவிட்டு, அப்புறம் இளகி ஓடும். இதைப் பார்க்க லேப் வேண்டாம், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பலசரக்குக் கடையும் மெடிக்கல் ஷாப்பும் போதும்.

வெள்ளை கார்ன்ஃப்ளார் வாங்குங்கள், மஞ்சள் மக்காச்சோள மாவு சரிப்படாது. 100 மில்லி தண்ணீருக்கு 100 கிராம் மாவில் தொடங்கி, கரண்டியை மெதுவாக ஓட்டினால் வழிந்துகொடுத்து, வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்ளும் பதம் வரும்வரை மாவைச் சேர்த்துக்கொண்டே போங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, திறந்து வைத்த மாவு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் அளவைவிடப் பதத்தை நம்புங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, 50 கிராமுக்கு 100 மில்லி என்று நீர்க்கவும் கொஞ்சம் கரைத்து வையுங்கள்.

ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து மெதுவாக அழுத்துங்கள். வேகமாக அழுத்தினால் முனையிலேயே இறுகி அடைத்துக்கொள்ளும். மாவு அடியில் படியும், ஒவ்வொரு முறையும் கலக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இனி உயரம். மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. 10 செ.மீ. உயரத்திலிருந்து விழும் துளி நொடிக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் வேகத்தில் மோதும், 1 மீட்டரிலிருந்து 4.4, 2 மீட்டரிலிருந்து 6.3. கரைசலை மாற்றாமல் உயரத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள். வேகம் குறைவென்றால் துளி சாதாரணமாகப் பரவும். வேகமும் கெட்டித்தன்மையும் போதுமானால் கவிழ்த்த சிரட்டை மாதிரி மொத்தமாக நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு, பரவும் துளிக்குள்ளேயே அங்கங்கே இறுகிய திட்டுகள், சுற்றிலும் ஓடும் திரவம், ஒரே துளியில் திடமும் திரவமும் சேர்ந்து. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

காரணம்? துகள்களுக்கு நடுவே இருக்கும் தண்ணீர்ப் படலம் மெதுவான அசைவில் அவற்றை வழுக்கிப் போகவிடும், மோதலின் அழுத்தத்தில் அந்தப் படலம் தாங்காமல் துகள்கள் நேராக உரசிப் பூட்டிக்கொள்ளும், அழுத்தம் விட்டதும் பூட்டும் விடும்.

போனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோ போட்டு, நல்ல வெளிச்சத்தில், தரை மட்டத்துக்குப் பக்கவாட்டில் வையுங்கள். ஒரு ஃபிரேமுக்கு 4 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது, துளி இறுகுவது அதற்குள்ளேயே முடிந்துவிடலாம், ஆனால் இளகுவதை நன்றாகப் பிடிக்கலாம்.

டைலில் பார்த்த பிறகு, சேம்பிலையைத் தட்டையாக ஒட்டி அதிலும் விட்டுப் பாருங்கள். தண்ணீர் ஒட்டாத பரப்பில் இரண்டு கரைசலும் எப்படி வேறுபடுகின்றன என்று தெரியும்.

மிச்சத்தை சிங்கில் ஊற்றாதீர்கள், குழாயை அடைக்கும். காயவிட்டு உரக்குழியில் போடுங்கள்.