முட்டையிட மறுத்த கோவாப் பூச்சி

நுவரெலியாவில் எங்கள் ஆய்வுகூடத்தில் கோவாவை, அதாவது முட்டைக்கோசைத் தின்னும் வைரமுதுகுப் பூச்சியை வளர்க்கிறோம். கந்தப்பளைத் தோட்டங்களில் பொறுக்கிய கூட்டுப்புழுக்களிலிருந்து அந்துகள் (இறக்கை முளைத்த பூச்சிகள்) நன்றாகவே வெளிவந்தன. ஆனால் கூண்டில் தொங்கவிட்ட அலுமினியத் தாளில் முட்டையே இல்லை. இலை வைத்தால் அழுகிப் பூஞ்சணம் பிடிக்கும், அதனால்தான் தாள்.

குளிர்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். ஹீட்டர் வைத்து 25 பாகையில் நிறுத்தினேன், பலனில்லை. பஞ்சில் நனைத்து வைத்த 10 சதவீதத் தேன்கரைசலைத் தினமும் மாற்றினேன். ஆண், பெண் எண்ணிக்கையையும் சரிபார்த்தேன். ஒன்பது நாள் போயிற்று. பிறகு கோவா இலையை அரைத்து வடித்த சாற்றில் தாளைத் தோய்த்துக் காயவிட்டேன். மறுநாள் ஏழே முட்டைகள்.

அந்த ஏழும் இருந்த இடம்தான் விஷயம். டேப் ஒட்டுவதற்காகத் தாளின் மேல்விளிம்பை மடித்திருந்தேன். அந்த மடிப்புக்குள்ளேதான் எல்லாம். அரை மில்லிமீற்றர்கூட வராத வெளிர்மஞ்சள் முட்டைகள், கைவில்லை இல்லாமல் பார்த்திருந்தால் தவறவிட்டிருப்பேன். தோட்டத்திலும் இது இலை நரம்போரத்துப் பள்ளங்களில்தான் இடும். என் தாளோ கண்ணாடிபோல வழுவழு!

புதுத் தாளைக் கையால் நன்றாகக் கசக்கி, லேசாக விரித்து, சாற்றில் தோய்த்துக் காயவைத்து அந்தியில் தொங்கவிட்டேன். காலையில் சுருக்கமெல்லாம் முட்டை. சாறு மட்டும், கசக்கல் மட்டும் என்றும் வைத்துப் பார்த்தேன், இரண்டிலும் சொற்பமே. சாற்றிலுள்ள குளுக்கோசினோலேட்டு என்ற வேதிப்பொருள் பெண் அந்தை முட்டையிடத் தூண்டுகிறது, சுருக்கம் இடம் கொடுக்கிறது.

சாறு சொட்டச் சொட்டத் தொங்கவிடாதீர்கள். ஈரத்தில் அந்துகள் ஒட்டிச் சாகின்றன.