ஒரு செமஸ்டர் வெளிநாட்டுல ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் படிக்கணுமா? டெல்டா தம்பி தங்கச்சிங்களுக்கு

மன்னார்குடி பக்கம் எங்க ஊர்ல சடுகுடு ஆடாம வளந்த பய ரொம்ப கம்மி, நானும் அப்படித்தான் ஆடி, கோட்டாவுல சீட் வாங்கி, எம்.எஸ்சி. படிக்கறப்ப எக்ஸ்சேஞ்ச்ல ஒரு செமஸ்டர் ஐரோப்பா போயிட்டு வந்தேன். போன பொங்கலுக்கு டோர்னமென்ட் நடந்தப்ப நாலஞ்சு தம்பிங்க வந்து "அண்ணே, எந்த ஏஜென்ட்கிட்ட போனீங்க"ன்னு கேட்டாங்க. ஏஜென்ட்டே வேணாம்டா தம்பி, அதைச் சொல்லத்தான் இதை எழுதுறேன்.

எக்ஸ்சேஞ்ச்ங்கறது உங்க காலேஜுக்கும் அந்த ஊரு யுனிவர்சிட்டிக்கும் நடுவுல இருக்கற ஒப்பந்தம். நீங்க ஃபீஸ் கட்டுறது இங்கதான், அங்க டியூஷன் ஃபீஸ் கிடையாது, உங்க பேரை உங்க காலேஜ்தான் நாமினேட் பண்ணணும். அதனால கூகுள்ல நல்ல யுனிவர்சிட்டி தேடுறதுக்கு முன்னாடி உங்க யுனிவர்சிட்டியில இன்டர்நேஷனல் ஆபீஸ்னு ஒரு ரூம் இருக்கும், அங்க போயி எந்தெந்த யுனிவர்சிட்டியோட ஒப்பந்தம் இருக்கு, அதுல நம்ம டிபார்ட்மென்ட் வருதான்னு கேளுங்க. ஜெர்மனியில கொலோன், பின்லாந்துல யூவாஸ்குலா, ஜப்பான்ல சுகுபா இதெல்லாம் இந்தப் படிப்புக்குப் பேர் போன இடம்தான், ஆனா ஒப்பந்தம் இல்லன்னா எக்ஸ்சேஞ்ச் வழியா போக முடியாது.

எராஸ்மஸ் பிளஸ்னு கேள்விப்பட்டிருப்பீங்க, ஐரோப்பிய யூனியன் பணம் குடுக்கற திட்டம். அதுல எக்ஸ்சேஞ்ச் போனா போற நாட்டப் பொறுத்து மாசம் 800-லேந்து 900 யூரோ வரைக்கும் தர்றாங்க, பயணத்துக்குத் தனியா. எராஸ்மஸ் முண்டஸ் வேற, அது முழு மாஸ்டர்ஸ், நீங்களே நேரடியா அப்ளை பண்றது, ஸ்காலர்ஷிப் மாசம் 1,400 யூரோ. ரெண்டையும் குழப்பிக்கிட்டு லெட்டரை மாத்தி அனுப்புன பசங்களை எனக்குத் தெரியும்.

முதல்ல பாஸ்போர்ட். நமக்கு இனிஷியல்தான் பெரிய தலைவலி, மார்க் ஷீட்ல இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா சர்நேமா வரும், அங்க உக்காந்து பாக்கறவங்களுக்கு ரெண்டும் ஒரே ஆளுன்னு புரியாது. தஞ்சாவூர் சேவா கேந்திரா போறதுக்கு முன்னாடியே எப்படி எழுதணும்னு முடிவு பண்ணி, அப்ளிகேஷன்லேந்து டிக்கெட் வரைக்கும் அதே எழுத்துல போடுங்க. அரியர் இருந்தா இப்பவே கிளியர் பண்ணிடுங்க, நாமினேஷன்ல அதைத்தான் முதல்ல பாப்பாங்க.

அடுத்து மோட்டிவேஷன் லெட்டர். இதுலதான் நம்ம பசங்க கோட்டை விடுறாங்க. "சின்ன வயசுலேந்தே எனக்கு விளையாட்டு உயிர்"னு எல்லாரும் எழுதுவாங்க, அது வேலைக்கு ஆகாது. நான் எழுதுனது என் முட்டியைப் பத்தி. அறுவடை முடிஞ்ச வயல்ல வெறுங்கால்ல ஆடிப் பழகுன ஆளு நான், முதல் தடவை மேட்ல, அதான் கபடிக்கு விரிக்கற விரிப்புல, ஷூ போட்டு ரெய்டு போனேன், போனஸ் லைன் தாண்டி சடார்னு திரும்புறேன், உடம்பு திரும்புது, கால் மட்டும் மேட்ல ஒட்டிக்கிட்டு அப்படியே நிக்குது, முட்டிக்குள்ள டப்புனு ஒரு சத்தம். மண்ணுல கால் வழுக்கிக் கொடுக்கும், மேட்ல கொடுக்காது. இந்த வித்தியாசத்தை அளந்து பாக்கணும், உங்க லேப்ல ஃபோர்ஸ் பிளேட் (கால் தரையை எவ்வளவு பலமா அழுத்துதுன்னு அளக்கற தகடு) இருக்கு, எங்ககிட்ட இல்லன்னு எழுதுனேன், அவ்ளோதான். அங்க போயி அந்தத் தகட்டு மேல குதிச்சு இறங்குனா ஸ்க்ரீன்ல கோடு மலை மாதிரி ஏறி இறங்குது, என் வலது கால்ல விழற பாரம் இடது காலைவிட எவ்வளவு கம்மின்னு கண்ணால பாத்தப்ப எனக்குப் பேச்சே வரல. உங்க ஊர்லயும் இப்படி ஒரு கேள்வி கண்டிப்பா இருக்கும், சித்திரை வெயில்ல ஓடுறவங்களோட தண்ணிக் கணக்கு, ரெய்டருக்கு மூச்சு எப்படி நிக்குதுன்னு, அதை எழுதுங்க.

ரொம்ப முக்கியம் லேர்னிங் அக்ரிமென்ட். ஐரோப்பாவுல ஒரு செமஸ்டருக்கு 30 இசிடிஎஸ் கிரெடிட் (அங்க எல்லா நாட்டுக்கும் பொதுவான கிரெடிட் கணக்கு), அங்க படிக்கற ஒவ்வொரு பேப்பரும் இங்க எந்தப் பேப்பருக்குச் சமம்னு கிளம்பறதுக்கு முன்னாடியே எச்ஓடி கையெழுத்தோட எழுத்துல வாங்குங்க. நான் ஒரு பேப்பரை அங்க போயி மாத்துனேன், இங்க போன்ல "சரிப்பா பாத்துக்கலாம்"னாங்க, திரும்பி வந்தா அது ஏத்துக்கலன்னு சொல்லி அதே மாதிரி பேப்பரை மறுபடி எழுத வச்சாங்க. மாத்துனா மாத்துன அன்னைக்கே திருத்துன அக்ரிமென்ட்ல மூணு பேர் கையெழுத்தும் வாங்கிடுங்க: நீங்க, உங்க காலேஜ், அந்த யுனிவர்சிட்டி.

பணம். ஸ்காலர்ஷிப் முதல் தவணை பெரும்பாலும் அங்க போயி இறங்கி அக்கவுன்ட் ஓப்பன் பண்ண அப்புறம்தான் வரும், அதுவரைக்கும் டிக்கெட், விசா, ரூம் அட்வான்ஸ் எல்லாம் கைக்காசு. இலையுதிர் செமஸ்டர்னா ஜூன் ஜூலையில செலவு வந்து நிக்கும், நம்ம வீட்ல அப்பதான் மேட்டூர் தண்ணிய நம்பி குறுவைக்கு இருக்கற காசெல்லாம் வயல்ல போயிருக்கும். அதனால சம்பா அறுத்து கொள்முதல் நிலையத்துல நெல்லைப் போட்டு காசு வந்ததும் மாசி மாசமே ஒரு பங்கை ஒதுக்கி வைக்கச் சொல்லி அப்பா அம்மாகிட்ட பேசிடுங்க. எங்க அம்மா தனி பாஸ்புக்ல போட்டு வச்சாங்க, அதான் என்னைக் காப்பாத்துச்சு.

விசா 90 நாளுக்கு மேலன்னா டூரிஸ்ட் ஷெங்கன் (பல ஐரோப்பிய நாட்டுக்கும் சேர்த்து தர்ற குறுகிய கால விசா) செல்லாது, அந்த நாட்டோட நேஷனல் விசாவோ ரெசிடென்ஸ் பெர்மிட்டோ வேணும், அட்மிஷன் லெட்டர் கைக்கு வந்த அன்னைக்கே அப்பாயின்ட்மென்ட் தேடுங்க. குளிருக்கு ஸ்வெட்டர் இங்க வாங்கிக் குவிக்காதீங்க, அங்க செகண்ட் ஹேண்ட் கடையில நல்லதா கிடைக்கும். சின்ன ரைஸ் குக்கர் ஒண்ணு மட்டும் மறக்காம எடுத்துக்கோங்க.

திரும்பறப்ப மார்க் டிரான்ஸ்கிரிப்ட் எப்ப வரும், யாருக்கு அனுப்புவாங்கன்னு அங்க இருக்கற கோஆர்டினேட்டர்கிட்ட கேட்டுட்டு கிளம்புங்க, அதோட ஒவ்வொரு பேப்பரோட சிலபஸையும் பிடிஎஃப்பா இறக்கி வச்சுக்கோங்க, இங்க எக்ஸாம் செக்ஷன்ல அதைத்தான் கேப்பாங்க.