தமிழ்ப் புத்தகத்தை நீங்களே வெளியிட: கிண்டிலுக்கும் அச்சுக்கும் முன்னால் கோப்பைச் சுத்தம் செய்யுங்கள்

என் சிறுகதைத் தொகுப்பை அமேசானின் மின்னூல் வடிவமான கிண்டிலிலும் அச்சிலும் நானே கொண்டுவந்தேன். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். கதைகளை எழுதி, நாலு பேரிடம் படிக்கக் கொடுத்து, திருத்தி முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலிலேயே ஒன்று. கிண்டிலுக்கு ஒரு கோப்பு, அச்சகத்துக்கு ஒரு கோப்பு என்று ஆரம்பத்தில் பிரிக்காதீர்கள். பிழையே இல்லாத ஒரு மூலக் கோப்பைத் தயார் செய்யுங்கள். மற்ற இரண்டையும் கடைசியில் அதிலிருந்து நகலெடுத்துக்கொள்ளலாம். ஒரு கோப்பில் திருத்தியது இன்னொன்றில் விட்டுப்போகிற தொல்லை இதனால் வராது.

1. எல்லாம் ஒருங்குறியில் இருக்கட்டும்

இப்போது எழுதத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒருங்குறியில், அதாவது யூனிகோடில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அப்படியானால் இதைத் தாண்டிப் போகலாம். பழைய கதைகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருந்தால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளில் ஒட்டி ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் மொத்த நூலையும் ஒட்டாமல் கதை கதையாக மாற்றினால் சரிபார்ப்பது எளிது.

2. மாற்றியில் தப்பி வரும் எழுத்துகள்

என்னை அதிகம் அலைக்கழித்தது இந்தப் படிதான். இணையத்தில் இதைப் பற்றி விரிவாக எழுதியதை நான் பார்க்கவில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பகுதிக்கும் 'ள' என்ற எழுத்துக்கும் ஒரே விசைதான். கணினிக்கு இரண்டும் ஒன்று. அதனால் 'மௌனம்' மாறி வரும்போது 'மெளனம்' ஆகிவிடும். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். ஆனால் வாசகர் கிண்டிலில் 'மௌனம்' என்று தேடினால் அந்த இடம் வராது. அச்சிலும் உற்றுப் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

சரி, 'ெள' என்று வரும் இடத்தையெல்லாம் 'ௌ' என்று மொத்தமாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். வெள்ளம், தெளிவு, கெளுத்தி எல்லாம் கெட்டுப்போகும். புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத வெறும் 'ள' மட்டும்தான் சந்தேகத்துக்குரியது என்று வடிகட்டினாலும் கதை எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. உங்கள் பாத்திரங்கள் பேச்சுத் தமிழில் 'கெளம்பு', 'வெளங்கல', 'வெளயாட்டு' என்று பேசுவார்கள். அவை சரியான 'ெள'. மொத்தமாக மாற்றினால் உரையாடல்கள் முழுக்க 'கௌம்பு' ஆகிவிடும்.

ஆகவே சொல் சொல்லாகத்தான் போக வேண்டும். மௌனம், கௌரவம், சௌகரியம், பௌர்ணமி, பௌத்தம், யௌவனம், வௌவால், கௌவு, அப்புறம் கௌரி, சௌந்தரம் போன்ற பெயர்கள். தமிழில் ஔகாரச் சொற்கள் குறைவு என்பதால் இந்தப் பட்டியலே பெரும்பகுதியைப் பிடித்துவிடும். மீதியை 'ெள' என்று தேடி ஒவ்வொன்றாகப் பார்த்து முடியுங்கள்.

அடுத்தது 'ர' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் வருவது. அவர்கள் 'அவா்கள்' ஆகியிருக்கும், தெரியும் 'தொியும்' ஆகியிருக்கும், சேர்ந்து 'சோ்ந்து' ஆகியிருக்கும். இதை மொத்தமாக மாற்றலாம், பயமில்லை. துணைக்காலின் மேல் புள்ளியோ இன்னொரு உயிர்க்குறியோ தமிழில் எங்கும் வராது. 'ா்' என்பதை 'ர்' என்றும், 'ாி' என்பதை 'ரி' என்றும், 'ாீ' என்பதை 'ரீ' என்றும் மாற்றுங்கள். 'ொி' என்பது 'ெரி' ஆகும், 'ோ்' என்பது 'ேர்' ஆகும். சில விசைப்பலகைகள் இந்தத் தவறான சேர்க்கையைத் தட்டச்சு செய்ய விடாது. கோப்பிலிருந்தே அந்த எழுத்துகளை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள்.

'அரசு' என்பது 'அாசு' என்று மாறியிருந்தால் 'அா', 'இா', 'உா' என்று தேடிப் பிடிக்கலாம். ஆனால் 'கரம்' என்பது 'காம்' ஆகியிருந்தால் எந்தத் தேடலும் உதவாது. அதற்கு நான் நம்புவது கைப்பேசியின் உரக்கப் படிக்கும் வசதி. அத்தியாயத்தைப் படிக்கவிட்டு, கையில் பிரதியுடன் கேளுங்கள். கண்ணுக்குத் தப்பிய 'காம்' காதுக்குத் தப்பாது. 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் '௭' உட்கார்ந்திருந்தாலும் அப்போது தெரிந்துவிடும்.

3. எழுத்துரு, தலைப்புகள்

எனக்குப் பிடித்த கருவி லிப்ரே ஆபிஸ் ரைட்டர். இலவசம், தமிழை ஒழுங்காகக் காட்டும். வேர்டு வைத்திருந்தால் அதுவும் போதும். இரண்டிலும் ஒரே தொல்லை இருக்கிறது. எழுத்துரு பாணியை மாற்றினால் உள்ளே இருக்கும் ஆங்கிலச் சொற்கள் மாறும், தமிழ் மாறாமல் அப்படியே நிற்கும். காரணம், தமிழைச் 'சிக்கலான வரிவடிவம்' என்று தனியாக வைத்திருக்கிறார்கள். பாணி அமைப்பில் அதற்கென்று இருக்கும் பகுதியில் எழுத்துருவையும் அளவையும் கொடுக்க வேண்டும்.

கதைத் தலைப்புகளுக்குத் தடித்த எழுத்து போட்டால் போதாது, 'தலைப்பு 1' என்ற பாணியைக் கொடுங்கள். கிண்டிலில் பொருளடக்கம் அதிலிருந்துதான் உருவாகும். எழுத்துருவில் என் தேர்வு நோட்டோ செரிஃப் தமிழ். திறந்த உரிமத்தில் கிடைப்பதால் அச்சு நூலிலும் தயக்கமில்லாமல் பயன்படுத்தலாம்.

4. கிண்டில்

அமேசான் 2016 இறுதியில் தமிழ்க் கிண்டில் நூல்களைக் கொண்டுவந்தது. நூல்களை நாமே வெளியிட அமேசான் வைத்திருக்கும் கேடிபி தளத்தில் கணக்குத் தொடங்கி, மூலக் கோப்பின் நகலை டாக்எக்ஸாக (வேர்டு கோப்பு வடிவம்) சேமித்து ஏற்றினால் போதும். ஈபப் என்ற மின்னூல் கோப்பு செய்யத் தெரிந்தவர்கள் சிகில் மென்பொருளில் செய்யலாம். எழுத்துருவை உள்ளே பதிக்க வேண்டாம் என்பது என் கருத்து. கிண்டிலிலேயே தமிழ் எழுத்துரு இருக்கிறது, கோப்பின் எடையும் கூடாது. எடை முக்கியம், ஏனென்றால் 70 சதவீத ராயல்டியைத் தேர்ந்தெடுத்தால் இந்தியாவில் ஒரு எம்பிக்கு 7 ரூபாய் அனுப்பும் செலவாகப் பிடிப்பார்கள். பெரிய படங்களைச் சுருக்கிப் போடுங்கள்.

இந்தியாவில் விற்கும் பிரதிகளுக்கு அந்த 70 சதவீதம் வேண்டுமானால் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேராவிட்டால் 35 சதவீதம். சேர்ந்தால் 90 நாட்களுக்கு மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. அச்சுப் பிரதிக்கு இந்தத் தடை கிடையாது.

அட்டைப் படம் உயரம் 2560, அகலம் 1600 பிக்சல். தமிழ்த் தலைப்பை ஜிம்ப் அல்லது இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதினால் கொம்புகள் இடம் மாறாது. கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்து, தலைப்பைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். தேடுசொற்களுக்கு ஏழு பெட்டிகள் இருக்கும். பாதியைத் தமிழிலும் பாதியை ஆங்கில எழுத்திலும் நிரப்புங்கள், நம் வாசகர்கள் இரண்டு விதமாகவும் தேடுகிறார்கள்.

வரிப் படிவத்தில் பான் எண்ணைத் தவறாமல் கொடுங்கள். அமெரிக்காவில் விற்கும் பிரதிகளுக்கு 30 சதவீதம் பிடிக்க வேண்டியது, இரு நாட்டு ஒப்பந்தத்தால் 15 ஆகக் குறையும்.

5. அச்சு

டெமி அளவு, அதாவது 5.5க்கு 8.5 அங்குலம், கதை நூலுக்குப் போதும். 11 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து, வரிகளுக்கிடையே தாராளமான இடைவெளி. முதுகுப் பக்க ஓரத்தை மற்ற ஓரங்களைவிட அகலமாக விடுங்கள்.

சில அச்சகங்கள் இன்னும் பேஜ்மேக்கரில் வேலை செய்கின்றன. 7ஆம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள் அது, ஒருங்குறி தெரியாது. உங்கள் கோப்பைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுவார்கள். பாடுபட்டு நீக்கிய பிழைகளுக்கு அங்கே மறுபடி வழி திறக்கும். அதனால் பக்கங்களை நீங்களே கட்டி பிடிஎஃப் ஆகக் கொடுங்கள், 'இதை அப்படியே அச்சிடுங்கள்' என்று உறுதியாகச் சொல்லுங்கள். வடிவமைப்பாளர் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்தினால், பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கொம்பும் கொக்கியும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

இரண்டு ஓரமும் நேராக அமைத்தால் தமிழின் நீளமான சொற்களால் வரி நடுவே பெரிய வெள்ளை இடைவெளிகள் விழும். நம் பழைய அச்சுக்காரர்கள் சொல்லை இணைகோடு போடாமலே உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோனார்கள். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்பது மட்டும் விதி. எனக்கு அந்த அழகு பிடிக்கும். மோசமான வரிகளில் அகலமில்லா இடைவெளியைச் செருகி இதைச் செய்யலாம். ஆனால் அச்சு நகலில் மட்டும் செய்யுங்கள். மூலக் கோப்பில் செருகினால் கிண்டிலில் தேடல் கெடும்.

மொத்தப் பக்கம் 16இன் மடங்காக வந்தால் காகிதம் வீணாகாது. முதுகின் தடிமன் பக்க எண்ணிக்கையையும் காகிதத்தையும் பொறுத்தது, எனவே அட்டையைக் கடைசியில் முடியுங்கள்.

6. ஐஎஸ்பிஎன், நூலகப் பிரதிகள்

ஒவ்வொரு நூலையும் அடையாளம் காட்டும் சர்வதேச எண்தான் ஐஎஸ்பிஎன். கிண்டிலுக்கு அது கட்டாயமில்லை. அச்சு நூலுக்கு வாங்குங்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழியில் இலவசமாகவே தருகிறது, தனி எழுத்தாளராகவும் பதியலாம். பணம் வாங்கிக்கொண்டு எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் போக வேண்டியதில்லை.

நீங்களே வெளியிடும்போது சட்டப்படி பதிப்பாளரும் நீங்கள்தான். 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் உங்கள் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். பெரும்பாலானோர் இதை விட்டுவிடுகிறார்கள். நான்கு பிரதிகள்தான். உங்கள் நூல் கடைகளில் தீர்ந்துபோன பிறகும் யாரோ ஒருவர் கேட்டு வாங்கிப் படிக்க முடியும். தயவுசெய்து அனுப்புங்கள்.

பின்சேர்க்கை: கேட்கப்பட்டவை

பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் தொடராக வந்த நாவலைக் கேடிபி செலக்டில் சேர்க்கலாமா? அங்கே திறந்து இருக்கும்வரை கூடாது. பத்து சதவீதம் வரை மாதிரியாக விட்டுவிட்டு, மீதியை எடுத்த பிறகு சேருங்கள். 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாமென்றால் முன்கூட்டியே அந்தக் குறியை நீக்குங்கள்.

புனைபெயரில் எழுதுகிறேன், பணம் எப்படி வரும்? ஆசிரியர் பெயர் என்ற இடத்தில் புனைபெயர், கணக்கிலும் வரிப் படிவத்திலும் பான் அட்டையில் உள்ள பெயர்.

வெளியிட்ட கிண்டில் நூலில் இப்போதுதான் 'மெளனம்' கண்ணில் பட்டது, என்ன செய்ய? திருத்திய கோப்பை அதே நூலின் கீழ் மறுபடி ஏற்றுங்கள். மதிப்புரைகள் அப்படியே இருக்கும். ஏற்கெனவே வாங்கியவர்களில், கணக்கில் தானாகப் புதுப்பிக்கும் அமைப்பை இயக்கி வைத்திருப்பவர்களுக்குப் புதிய கோப்பு போய்ச் சேரும்.