சீக்குக்கு இதான் காரணம், இந்த மருந்து வேண்டாம்னு நியூஸ் வந்தா எப்படி படிக்கறது

போன பங்குனில பெருந்துறைப் பக்கம் அமுச்சி ஊட்டுக்குப் போயிருந்தனுங்க. அப்புச்சிக்கு வயசு 76, ரெண்டு வருசம் முன்ன நெஞ்சுல அடைப்பு வந்து கோயமுத்தூர்ல ஸ்டென்ட் (ரத்தக்குழாய் அடைக்காமத் தொறந்து வெக்கற சின்ன வலைக்குழாய்) வெச்சிருக்குது. மாத்திரை டப்பாவைத் தொறந்தா மத்த அட்டையெல்லாம் கணக்கா காலியாயிருக்குது, ஆஸ்பிரின் அட்டைல மட்டும் 11 மாத்திரை அமுக்காம அப்படியே இருக்குது. ஏனுங்க அப்புச்சி இதை முழுங்கறதில்லையானு கேட்டா, "அது வயசானவங்களுக்கு வேலைக்காகாது கண்ணு, உள்ள ரத்தம்தான் கசியும்னு வெளிநாட்டுல கண்டுபுடிச்சுட்டாங்க"ன்னு போனை எடுத்து நீட்டறாரு.

அந்த ஃபார்வேர்டு பொய்யா இருந்திருந்தா எனக்கு வேலை சுலபம். அது நெசமான ஆராய்ச்சிங்க, அதான் எனக்கு பகீர்னு ஆயிருச்சு. அந்த ஆராய்ச்சிக்கு "ஆஸ்ப்ரீ" (ASPREE)ன்னு பேரு, 2018ல வெளியாச்சு, ஆஸ்திரேலியா அமெரிக்கா ரெண்டுலயும் சேத்து 19,114 பேரு, பெரும்பாலும் 70 வயசு தாண்டுனவங்க. பாதிப்பேருக்கு தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப்பேருக்கு மருந்தில்லாத டம்மி மாத்திரை, 5 வருசம் கிட்ட பாத்தாங்க. மாரடைப்பு பக்கவாதமெல்லாம் பெருசா கொறையல, ரத்தக்கசிவு கூடுச்சு. இவ்வளவும் சரி. ஆனா அந்த 19,114 பேர்ல ஏற்கனவே இதய நோய் வந்தவங்க ஒருத்தரைக்கூட சேத்துக்கல, அவங்களை ஒதுக்கிட்டுத்தான் ஆராய்ச்சியே ஆரம்பிச்சாங்க. அப்ப அந்த முடிவு எங்க அப்புச்சிக்கு இல்லைங்க, அடைப்பே வராத, ஸ்டென்ட்டே வெக்காத பக்கத்து ஊட்டுப் பெரியவருக்கு. ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு அதுக்குள்ள ரத்தம் உறையாம இருக்கத்தான் அந்த மாத்திரை.

அதனால எந்த மருத்துவ நியூஸ் வந்தாலும் மொதல்ல தேடவேண்டியது, யாரை வெச்சுப் பண்ணாங்க, யாரை வேண்டாம்னு ஒதுக்குனாங்க. எலில பண்ணிருந்தா படிச்சுட்டு அக்கட்ட வெச்சுருங்க, எலில வேலை செஞ்ச மருந்துல பெரும்பாலானது மனுசனுக்கு மருந்தா வந்து சேர்றதில்லை.

அடுத்தது கணக்கு. இதுலதான் படிச்சவங்களும் ஏமாந்து போறாங்க, கொஞ்சம் நிதானமாப் பாருங்க. அதே ஆராய்ச்சிலயே "ஆஸ்பிரின் எடுத்தவங்களுக்கு பெரிய ரத்தக்கசிவு 38 சதவீதம் அதிகம்"னு போடலாம், அது நெசம். இதையே வேற மாதிரியும் சொல்லலாம், டம்மி மாத்திரை முழுங்குன 1000 பேர்ல ஒரு வருசத்துக்கு 6 பேருக்கு கசிவு வந்துச்சு, ஆஸ்பிரின் முழுங்குன 1000 பேர்ல 8, 9 பேருக்கு வந்துச்சு. ரெண்டும் ஒரே கணக்குதானுங்க, ஆனா 38 சதவீதம்னு கேட்டா நம்ம மனசு 100 பேர்ல 38 பேருக்கு வருதுன்னு எடுத்துக்குது. சதவீதத்தைப் பாத்ததும் ஒரு பேனா எடுத்து 1000 பேர்ல எத்தனையா இருந்தது எத்தனையா ஆச்சுன்னு எழுதிப் பாருங்க. எழுத முடியலைன்னா அந்த நியூஸ்ல பாதி விஷயத்தை உட்டுட்டாங்கன்னு அர்த்தம். ரெண்டு மூணு பேரு கூடறது ஒண்ணுமே இல்லைன்னு நான் சொல்ல வரல, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரு உங்கூட்டு ஆளாவும் இருக்கலாம், ஆனா பயப்படறதுக்கு முன்னாடி எவ்வளவுன்னு தெரிஞ்சிருக்கணும்.

மூணாவது, பாத்துச் சொன்னாங்களா, பண்ணிப் பாத்துச் சொன்னாங்களா. எங்க மாமா நாமக்கல்லுல கோழிப்பண்ணை வெச்சிருக்காரு, அதனால முட்டை நியூஸ் எது வந்தாலும் எங்கூட்டுக்கு வந்துரும். 2019ல அமெரிக்காவுல 29,615 பேரோட தகவலை வெச்சு, தினம் அரை முட்டை கூடக்கூட இதய நோய் 6 சதவீதம் கூடுதுன்னாங்க. அடுத்த வருசமே இன்னொரு பெரிய ஆராய்ச்சி, தினம் ஒரு முட்டை வரைக்கும் ஒரு சம்பந்தமும் தெரியலன்னு வந்துச்சு. ரெண்டுமே பெரிய பத்திரிகைதான், ரெண்டு பேரும் பொய் சொல்லலைங்க. என்ன சாப்புடறீங்கன்னு கேட்டு எழுதிக்கிட்டு வருசக்கணக்கா பின்னாடியே பாத்துட்டு வர்ற ஆராய்ச்சி ரெண்டும். அங்க முட்டைகூட பன்னிக்கறி வறுவலும் வெண்ணெயும் சேந்து வருது, நம்ம பக்கம் ஒருத்தரு ஊட்டுல ஒரு அவிச்ச முட்டை சாப்புடுவாரு, இன்னொருத்தரு ராத்திரி 10 மணிக்கு கடைல ரெண்டு பரோட்டாவோட முட்டை வீச்சு சாப்புடுவாரு, குறிப்புல ரெண்டும் முட்டைன்னுதான் இருக்கும். தப்பு முட்டை மேலயா கூட வந்தது மேலயான்னு பிரிக்கறது ரொம்ப கஷ்டம்.

சீட்டு குலுக்கிப் போட்ட மாதிரி பாதிப்பேருக்கு மருந்து பாதிப்பேருக்கு டம்மின்னு பிரிச்சுக் குடுத்துப் பாத்தா வேற கதை. மாதவிடாய் நின்ன பொம்பளைங்க ஹார்மோன் மாத்திரை எடுத்தா இதயத்துக்கு நல்லதுன்னு ரொம்ப வருசமா நம்புனாங்க, ஏன்னா எடுத்தவங்க நல்லா இருந்தாங்க. ஆனா வசதியும் படிப்பும் உடம்பு மேல அக்கறையும் இருந்தவங்கதான் அதை அதிகம் எடுத்தாங்க. அமெரிக்காவுல 16,608 பொம்பளைங்களைக் குலுக்கிப் பிரிச்சுப் பாத்தாங்க, 2002ல பாதிலயே நிறுத்த வேண்டியதாப் போச்சு. ஒரு வருசத்துக்கு 10,000 பேர்ல இதயப் பிரச்சனை 7 பேருக்கு அதிகம், பக்கவாதம் 8, மார்பகப் புற்றுநோய் 8. இடுப்பெலும்பு முறிவு கொறஞ்சுது, அதையும் சொல்லணும். அதுலயும் அவங்க சராசரி வயசு 63, அப்ப 50 வயசுல உடம்பு எரிச்சல் தாங்காம எடுக்கறவங்களுக்கும் இதே முடிவு பொருந்துமான்னு இன்னைக்கும் வாதம் ஓடிட்டுத்தான் இருக்குது. மறுபடியும் யாரை வெச்சுங்கற கேள்விக்கே வந்துட்டோம் பாருங்க.

இன்னொண்ணு, எதை அளந்தாங்க. மாரடைப்புக்குப் பொறவு துடிப்பு தப்பித் தப்பி அடிக்கறதை அடக்க மாத்திரை குடுத்தாங்க, ஈசிஜி அழகா ஆயிருச்சு, ஆனா 1989ல பாத்தா மாத்திரை எடுத்தவங்கதான் அதிகமா செத்திருந்தாங்க. ரிப்போர்ட்டுல நெம்பர் கொறஞ்சுதா இல்ல ஆளு நல்லா இருந்தாங்களான்னு கேளுங்க.

டாக்டருங்களுக்குள்ளயே ஒத்துப்போகலைன்னா எல்லாம் ஃபிராடுன்னு சில பேரு எழுதறாங்க, எனக்கு அது சுத்தமா ஒத்துவராதுங்க. வயித்துப்புண்ணு கவலையாலயும் காரத்தாலயும் வருதுன்னுதான் முன்ன சொல்லிட்டு இருந்தாங்க. ஆஸ்திரேலியாவுல பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரிங்கற கிருமிதான் காரணம்னாங்க, யாரும் லேசுல நம்பல, 1984ல மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடிச்சு இரைப்பை வீங்கிக் காட்டுனாரு. ஆனா அவரு குடிச்சதோட முடிஞ்சு போகல, ஊரூரா வேற வேற டாக்டருங்க கிருமியைக் கொல்ற மருந்து குடுத்துப் பாத்து, புண்ணு ஆறி திரும்பி வராம இருக்கறதைக் காட்டுன பொறவுதான் வைத்தியமே மாறுச்சு. 2005ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. புதுசா ஒருத்தரு சொன்னா, அதை வேற யாரு பண்ணிப் பாத்தாங்க, அதே முடிவு வந்துச்சான்னு பாருங்க.

தேடறதுக்கு, ஃபார்வேர்டுல இருக்கற மருந்து பேரு, வருசம், நாடு மூணையும் இங்கிலீசுல பப்மெட்ல (PubMed, மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைங்களைத் தேடற வெப்சைட்டு) போடுங்க, காசு கட்டவேண்டியதில்லை, சுருக்கம் ஒரு பக்கம்தான் வரும், போன்லயே தமிழாக்கிக்கலாம். நம்ம நாட்டுல நடக்கற மருந்துச் சோதனைங்களைப் பாக்கறதுக்கு சிடிஆர்ஐ (CTRI)ன்னு அரசாங்கப் பதிவேடு 2007ல இருந்து இருக்குது, அதுலயும் பாக்கலாம். வருசமும் இல்லாம எங்க நடந்ததுன்னும் இல்லாம "ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பு"ன்னு மட்டும் இருந்தா அதை யாருக்கும் அனுப்பாதீங்க.

இதெல்லாம் பாத்துட்டு நீங்களே மாத்திரையை நிறுத்தறதோ ஆரம்பிக்கறதோ மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டுல எழுதிட்டுப் போய் டாக்டர்கிட்ட கேளுங்க. நான் அப்புச்சிக்கு எழுதிக் குடுத்தது மூணே வரி: இந்த ஆராய்ச்சில என்னைய மாதிரி ஆளுங்க இருந்தாங்களா, நிறுத்துனா எனக்கு என்ன ஆகும், எடுத்துட்டே இருந்தா எனக்கு என்ன ஆகும்.

டாக்டரு சீட்டை வாங்கிப் படிச்சுட்டு, நிறுத்தவே கூடாதுன்னாரு, அப்பறம் ஏன் ஐயா நிறுத்துனீங்க, வயிறு ஏதாச்சும் பண்ணுச்சான்னு கேட்டாரு. அப்பத்தான் அப்புச்சி சொல்றாரு, ரெண்டு மாசமா வெடியக்காலைல வயிறு எரியுதுன்னு. எங்க யாருகிட்டயும் சொல்லல. அந்த எரிச்சலுக்குத் தோதா ஃபார்வேர்டு வந்திருக்குது, நிறுத்திட்டாரு. இரைப்பைக்கு ஒரு மாத்திரை சேத்து எழுதி, அந்தக் கிருமி இருக்குதான்னு டெஸ்ட்டுக்கும் எழுதிக் குடுத்தாரு, இருந்துச்சு, ரெண்டு வாரம் மருந்து குடுத்தாங்க. இப்ப ஞாயித்துக்கெழமை போன் பண்ணா அமுச்சி அட்டையைக் கையில வெச்சுட்டு எத்தனை மீதின்னு எண்ணிச் சொல்றாங்க.