காதுக்கு அருகே அளக்காத இரைச்சல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கந்தளாய்ப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் இரைச்சல் அறிக்கையை அண்மையில் படித்தேன். கூடத்தின் நடுவில் கருவியை நிறுத்தி, காலையில் பத்து நிமிடம் அளந்திருந்தார்கள். 84 டெசிபல். 8 மணி நேர வேலைக்கு வரம்பாகக் கொள்ளும் 85-ஐத் தாண்டவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று முடித்துவிட்டார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. தவிடு நீக்கும் இயந்திரத்தோடு ஒட்டி நின்று வேலை செய்பவர் கூடத்தின் நடுவிலா நிற்கிறார்?

அளக்க வேண்டியது அவர் காதில் விழுவதை. அதற்கு டோசிமீட்டர் என்ற சிறு கருவி இருக்கிறது. அதன் ஒலிவாங்கியை, சத்தம் வரும் பக்கத்துத் தோளில் மாட்டி, வேலை தொடங்கியதிலிருந்து முடியும்வரை விட்டுவைக்க வேண்டும். மாலையில் கம்பிரசர் காற்றால் தூசி ஊதும் அரைமணி நேரந்தான் பல ஆலைகளில் அன்றைய நாளின் மிகக் கொடிய நேரம். காலையில் அளந்துவிட்டுப் போனவருக்கு அது தெரியவே தெரியாது.

அடுத்தது கணக்கு. ஏழரை மணி நேரம் 80 டெசிபல், அரைமணி நேரம் 100 டெசிபல் என்றால், சாதாரணச் சராசரி 81 என்று சொல்லும். உண்மையில் அது ஏறத்தாழ 89. டெசிபல் மடக்கை அளவு. 3 கூடினால் ஒலியாற்றல் இரட்டிக்கிறது. அதனால் 85-இல் 8 மணி நேரம் இருக்கலாம் என்றால் 88-இல் 4 மணி நேரம், 100-இல் வெறும் 15 நிமிடம். சில கருவிகள் 5 டெசிபலுக்கு ஒருமுறை நேரத்தைப் பாதியாக்கும் அமெரிக்கச் சட்டக் கணக்கில் இருக்கும். அப்படியே விட்டால் இலக்கம் குறைத்துக் காட்டும். 12 மணி நேர வேலைக்கு வரம்பு 83 அளவுக்கு இறங்கிவிடும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

அளப்பதற்கு முன்னும் பின்னும் அளவுத்திருத்தம், அதாவது கருவி சரியாகக் காட்டுகிறதா என்று, பார்க்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் துறைமுகப் பக்கத்துத் திறந்த வெளியில் அளக்கிறீர்களா? ஒலிவாங்கிக்கு நுரைப்பஞ்சு உறை போடாவிட்டால் காற்றையும் சேர்த்தே அளப்பீர்கள்.

காதடைப்பான் கொடுத்தாயிற்று என்று, அது இத்தனை டெசிபல் குறைக்கும் எனப் பெட்டியில் அச்சிட்ட எண்ணை அளந்த இலக்கத்திலிருந்து அப்படியே கழிப்பது எனக்கு மிகவும் கோபமூட்டும் தவறு. அந்த எண் ஆய்வுகூடத்தில் கிடைத்தது. நுரைப்பஞ்சு அடைப்பானுக்கு அதில் பாதியைக்கூட நம்ப முடியாது. ஆலைக்குள் போய்ப் பாருங்கள்: பலர் காதில் அது பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விரல்களால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதை மேலே இழுத்துச் செருகி, உப்பும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை.